பிரித்துக் கொடுத்தலும் தேர்ந்து கொடுத்தலும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பொதுப்பணத்தைத் திரட்டுதல் அரிது. திரட்டியதைப் பங்கிடுதல் அதனினும் அரிது. திரட்டுங்கால் அனைவரும் ஒருமுகப்படுகின்றனர். பங்கிடுங்கால் ஒவ்வொருவரும் தத்தம் தெருவை நினைக்கின்றனர். சங்கங்களுக்கு மட்டுமன்றி நகரங்களுக்கும் இராஜ்யங்களுக்கும் இது பொதுவான இயல்பாம். ஆதலின், அமெரிக்க ஐக்கிய நாட்டில் மத்திய அரசாங்கம் வீடமைப்புக்கும் சமூக அபிவிருத்திக்குமென நகரங்களுக்கு அளிக்கும் மானியம் எங்ஙனம் பங்கிடப்படுகின்றதென்பதை இன்று ஆராயப் புகுந்தனம். நம் மக்களுள் பலர் அந்நாட்டில் குடியேறி வாழ்கின்றமையால், இஃது அயலார் செய்தியென்று ஒதுக்கற்பாலதன்று.

1974-ஆம் வருஷத்திற்கு முன்னர் அந்நாட்டு நகரங்கள் சாக்கடைக்கொரு விண்ணப்பம், பூங்காவிற்கொரு விண்ணப்பம், பழைய குடியிருப்புகளை இடித்துப் புதுக்குதற்கொரு விண்ணப்பமென வாஷிங்டனுக்கு அனுப்பிக் காத்திருந்தன. எந்நகருக்கு எப்பணி வேண்டுமென்பதைத் தொலைவிலுள்ள அதிகாரிகளே பெரிதும் தீர்மானித்தனர். இம்முறையை மாற்றி, அத்தகைய பல மானியங்களை ஒன்றாகத் தொகுத்து, செலவிடும் பொறுப்பை நகரங்களிடமே ஒப்புவிக்கும் சட்டம் 1974 ஆகஸ்டு 22-ஆம் தேதி ஜனாதிபதி போர்டு அவர்களின் கையொப்பம் பெற்றது. இதன்வழிப் பிறந்ததே சமூக அபிவிருத்தித் தொகுப்பு மானியமென்பது.

இம்மானியத்தில் நகரங்களுக்குரிய பங்கு எவருடைய தயவினாலும் கிடைப்பதன்று, கணக்கினாற் கிடைப்பது. தொகையில் நூற்றுக்கு 70 பங்கு பெருநகரங்களுக்கும் பெரிய ஜில்லாக்களுக்கும், 30 பங்கு சிற்றூர்களின் பொருட்டு மாகாணங்களுக்கும் செல்லும். பொதுவாக 50,000 ஜனங்களுக்குக் குறையாத நகரம் நேரே பங்கு பெறும். பங்கைக் கணிக்க இரண்டு சூத்திரங்கள் உள. முதலாவது, ஜனத்தொகைக்கு 25, வறுமைக்கு 50, வீட்டு நெருக்கத்திற்கு 25 என மதிப்பிடுவது. 1977-இல் சேர்க்கப்பெற்ற இரண்டாவது, 1940-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 50, வறுமைக்கு 30, வளர்ச்சியிற் பின்தங்கியமைக்கு 20 என மதிப்பிடுவது. இவ்விரண்டனுள் எது மிகுதியாகுமோ அதுவே நகரின் பங்கிற்கு அடிப்படையாகும். பழமையான நகரங்கள் ஜனங்களை இழந்து, வீடுகள் முதுமையெய்தி நின்றமையாலன்றோ இரண்டாவது சூத்திரம் வேண்டப்பட்டது!

தொகை எத்துணை என வினவலாம். 1980-ஆம் வருஷத்தில் நாடு முழுமைக்கும் சுமார் 370 கோடி டாலராக இருந்தது, 2024-ஆம் நிதி வருஷத்தில் சுமார் 330 கோடி டாலரே. இடையில் விலைவாசி பன்மடங்கு ஏறியதையும், பங்கு பெறுவோர் ஆயிரத்து இருநூற்றுக்கு மேற்பட்டதையும் எண்ணின், பந்தியிலிருப்போர் பெருகச் சோறு சுருங்கியதென்பது புலனாம்.

இனி, இப்பணத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கூறுவாம். ஒவ்வொரு செலவும் மூன்று நோக்கங்களுள் ஒன்றை நிறைவேற்றுதல் வேண்டும்: குறைந்த வருமானமும் நடுத்தரத்திற் குறைந்த வருமானமும் உடையார்க்குப் பயன்படல், பாழடைந்த குடியிருப்புகளைத் தடுத்தல் அல்லது நீக்கல், திடீரென நேர்ந்த பேரிடருக்கு உதவல். இவற்றுள் முதலாவதே தலையாயது. அவ்வட்டாரத்தின் நடுவருமானத்தில் நூற்றுக்கு 80-க்கு மேற்படாத வருமானமுடையோரே அவ்வகையினர். இவர்களுக்குப் பயன்படுவதாகச் செலவிட வேண்டிய குறைந்தபட்ச விகிதத்தை 1983-ஆம் வருஷச் சட்டம் நூற்றுக்கு 51 என்றும், 1987-ஆம் வருஷச் சட்டம் 60 என்றும், 1990-ஆம் வருஷச் சட்டம் 70 என்றும் உயர்த்தின. ஏழையின் பெயராற் பெற்ற பணம் ஏழையிடம் சேர்தற்கே விதி மூன்று முறை இறுக்கப்பட வேண்டியிருந்ததென்பது சிந்திக்கத்தக்கது.

மேலும், முதியோர்க்கு உணவு, சிறார்க்குப் பயிற்சி முதலிய சேவைகளுக்கு நூற்றுக்கு 15-க்கு மேலும், நிர்வாகத்திற்கும் திட்டமிடுதற்கும் 20-க்கு மேலும் செலவிடலாகாது. 1990-இல் ஏற்பட்ட மற்றொரு மானியம் வீடமைப்பிற்கே உரியது. அதிற் செலவிடும் நான்கு டாலருக்கு ஒரு டாலர் வீதம் வெளியிலிருந்து திரட்டிச் சேர்க்க வேண்டும் என்பது பொதுவிதி. நூற்றுக்கு 15 பங்கு, இலாபம் கருதாது வீடு கட்டும் சமூக ஸ்தாபனங்களுக்கென ஒதுக்கப்படல் வேண்டும்.

பணத்தை விரும்பியவாறு தீர்மானித்துவிடவும் இயலாது. நகரசபை மூன்று முதல் ஐந்து வருஷங்களுக்குரிய ஒருங்கிணைந்த திட்டமொன்றும், வருஷந்தோறும் செயல்திட்டமொன்றும் வகுத்தல் வேண்டும். வருஷத்தில் இரண்டு முறைக்குக் குறையாமல், வேறுவேறு கட்டங்களில், நகர்வாசிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்டல் வேண்டும். திட்டத்தின் நகலை வெளியிட்டு 30 நாள் காத்திருத்தல் வேண்டும். ஆங்கிலம் அறியாதார் பலர் வருவரெனின் அவர்களுக்கும் வகைசெய்தல் வேண்டும். அன்றியும், பணம் மூட்டையாக நகரின் கஜானாவிற்கு வருவதில்லை. மத்திய அரசாங்கத்தின் கணக்கிலிருந்து செலவிற்கேற்ப எடுத்துக்கொள்ளப்படுகின்றது. வருஷம் முடிய 60 நாள் இருக்கையில், செலவாகாத தொகை ஒரு வருஷப் பங்கின் ஒன்றரை மடங்கை மிஞ்சியிருப்பின் நகரம் குற்றத்திற்குள்ளாகும்.

இத்துணை விதிகளும் அமைந்தபின் தவறு நிகழ இடமேது என்பீர்கள். இடமுண்டு. எப்பணிக்குக் கொடுக்கலாம் என்பதை விதி கூறுகின்றது; எத்தெருவிற்கு முதலிற் கொடுப்பதென்பதை விதி கூறவில்லை. அது நகரசபையின் கையிலுள்ளது. நகரசபை அங்கத்தினரோ ஒவ்வொரு வட்டாரத்தினின்றும் தேர்ந்தெடுக்கப்படுபவர். எனவே, ஆளுக்கொரு துண்டென அறுத்துக் கொடுத்து அனைவரையும் மகிழ்விப்பதே எளிய வழியாகிவிடுகின்றது.

இதனை ஒரு கணக்கால் விளக்குவாம். கற்பனையான ஒரு நகருக்கு 45 லட்சம் டாலர் கிடைக்கின்றதெனவும், அதில் ஒன்பது வட்டாரங்கள் உளவெனவும், பாழடைந்த ஒரு வீட்டைச் செப்பனிட்டு எளியவர்க்கு விற்பதில் நகருக்கு ஒரு லட்சம் கைச்செலவு நேருமெனவும் கொள்வோம். சமமாகப் பிரிப்பின் வட்டாரத்திற்கு ஐந்து வீடு தேறும். அவ்வைந்தும் ஐந்து தெருக்களிற் சிதறின், ஒவ்வொரு புதிய வீட்டிற்கும் இருபுறமும் இடிந்த வீடுகளே நிற்கும். அதை வாங்கியவர் அண்டையைக் கண்டு அஞ்சுவர்; வங்கியும் கடன் கொடுக்கத் தயங்கும். சில வருஷங்களில் அப்புதுவீடும் பழைய கதியை அடையும். பணம் செலவாயிற்று; கணக்குச் சரியாயிற்று; தெரு மட்டும் மாறவில்லை.

இச்சிக்கலை நேர்நின்று நோக்கிய நகரமொன்றுண்டு. அது வர்ஜீனியா மாகாணத்தின் தலைநகராகிய ரிச்மண்ட். அந்நகரில் ஜாக்ஸன் வார்டு என்பது கறுப்பு மக்கள் தம் முயற்சியால் வளர்த்த பகுதி. அங்கே பரஸ்பர சகாயச் சங்கமொன்றின் தலைமை வகித்த மாகி வாக்கர் அம்மையார், 1903-இல் சிறுகச் சிறுகச் சேர்த்த காசுகளைக் கொண்டு வங்கியொன்றை நிறுவினார். ஒரு சமூகத்தாரின் சங்கம் தன் மக்களுக்கு வங்கியும் கடனும் வீடும் கூட்டுவித்த அவ்வரலாறு நம்மனோர் அறியத்தக்கது. ஆயின், 1930-களில் மத்திய அரசாங்கத்தின் வீட்டுக்கடன் ஸ்தாபனம் நகர்ப்பகுதிகளைத் தரம்பிரித்துப் படமெழுதியபோது, இத்தகைய குடியிருப்புகள் கடைத்தரமெனச் சிவப்பு வர்ணம் பெற்றன. 1950-களில் பெருஞ்சாலையொன்று ஜாக்ஸன் வார்டை ஊடறுத்துச் சென்றது. எனவே, பின்னாளில் வந்த மானியம் தானமென்பதினும், பட்ட கடனைத் திருப்பும் முயற்சியென்பதே பொருந்தும்.

ரிச்மண்டின் நகரசபையில் ஒன்பது வட்டாரங்களின் பிரதிநிதிகள் உளர். அவ்வொன்பதின்மரும் நகர அலுவலரும் சமூக ஸ்தாபனத்தாரும் கலந்தாலோசித்து, 1999-ஆம் வருஷமுதல் மானியத்தின் பெரும்பகுதியைச் சில பகுதிகளில் மட்டும் செலவிடுவதென முடிவுசெய்தனர். ஜாக்ஸன் வார்டு, சர்ச் ஹில், பிளாக்வெல் முதலியன அவற்றுட் சேர்ந்தவை. அவற்றுள்ளும் சில தெருக்கட்டங்களையே முதற்கண் பற்றினர். அவை தலையெடுத்தபின் அடுத்த கட்டங்களுக்குச் செல்வதென்பது ஏற்பாடு.

தேர்ந்த முறையும் நோக்கத்தக்கது. காலியான வீடுகள், குற்றங்கள், வறுமை, வீடுகளின் நிலை ஆகிய குறைபாடுகளை ஒருபுறமும், ஊரார் சங்கங்களின் வலிமை, வகுத்துவைத்த திட்டங்கள், வீட்டுச் சந்தையின் போக்கு ஆகிய ஆற்றல்களை மற்றொருபுறமும் வைத்து நிறுத்தனர். குறையை மட்டும் நோக்கின் பணம் ஆழங்காணாக் கிணற்றில் விழும். ஆற்றலை மட்டும் நோக்கின் உதவி வேண்டாதார்க்கு உதவியதாக முடியும். இரண்டையும் ஒருங்கு நோக்கியதே அதன் சிறப்பு.

விளைவு யாது? ஆராய்ச்சியாளர் 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, தேர்ந்தெடுத்த பகுதிகளில் வீட்டுவிலை, நகரின் சராசரியைக் காட்டிலும் ஆண்டொன்றுக்குச் சுமார் 10 சதவீதம் விரைவாக உயர்ந்தது. செலவு ஓரளவைக் கடந்த தெருக்கட்டங்களிலேயே பயன் மிகுதியாகக் காணப்பட்டது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் மூதாட்டியர் மொழி. ஓரிடத்தில் நிறையப் போட்டாற்றான் கரை எழும்புமென்பது ரிச்மண்டு காட்டிய உண்மை.

எனினும், விலையேற்றம் யாவர்க்கும் நன்மையன்று. சொந்த வீடுடையார்க்கு அது செல்வம். வாடகைக்கிருப்போர்க்கு அது வெளியேற்றக் கட்டளையை ஒக்கும். சொந்த வீடுடைய முதியோரும் உயர்ந்த வீட்டுவரியைக் கட்ட முடியாது தத்தளித்தல் உண்டு. பின்வந்த ஆண்டுகளில் சர்ச் ஹில் பகுதியில் விலை மிக உயர்ந்து, பழங்குடிகள் நிலைத்தல் அரிதாயிற்று. தெரு பிழைத்தது, தெருவில் வாழ்ந்தோர் எங்குற்றனர் என்னும் வினாவிற்கு விலைப்பட்டியல் விடை தாராது. அன்றியும், தேர்ந்தெடுக்கப்படாத பகுதியில் ஒழுகும் கூரையின்கீழ் இருக்கும் விதவைத்தாயை நோக்கி, உன் முறை வருமட்டும் பொறுத்திரு என்று கூறுதல் எளிதோ?

இவ்விரு பக்கத்தையும் நிறுத்து, நாம் கொள்ளத்தக்க முடிபு இதுவெனக் கருதுகின்றனம். தேர்ந்து கொடுத்தலே பயன்தரும். ஆயின் அதற்கு நான்கு காவல்கள் வேண்டும். தேர்வின் அளவுகோலைத் தேர்விற்கு முன்னரே அனைவரும் அறிய வெளியிடல் ஒன்று. விடுபட்டார்க்குக் காரணமும் தங்கள் முறை வரும் காலமும் கூறுதல் இரண்டு. விலை ஏறுமுன்னரே வாடகைக் குடிகளுக்கென நீடித்த காலத்திற்குக் குறைந்த வாடகை வீடுகளை உறுதிசெய்தல் மூன்று. கூரை ஒழுகல் முதலிய அவசரத் துன்பங்களுக்கென எவ்விடத்தார்க்கும் உதவும் ஒரு சிறு நிதியைத் தனியே வைத்தல் நான்கு. இந்நான்கும் இல்லாத தேர்வு, ஓரவஞ்சனையென்னும் பெயரினின்றும் தப்பாது.

அமெரிக்க நகரங்களில் வாழும் நம் குடும்பத்தார்க்கு ஒரு வார்த்தை. நகல் திட்டம் வெளிவந்தபின் சென்று முறையிடுவோர் பலர். அப்போது பங்குகள் பெரும்பாலும் பேசி முடிந்திருக்கும். தேவைகளைக் கேட்கும் முதற்கூட்டத்திற்கே செல்லுங்கள். வருஷ முடிவில் நகரம் வெளியிடும் செலவறிக்கையைக் கேட்டு வாங்கி, சொன்னதும் செய்ததும் ஒத்திருக்கின்றனவா என நோக்குங்கள். நம்மவர் வசிக்கும் தெருவிற்காக மட்டும் பேசாது, அண்டைத் தெருவின் ஏழைக்காகவும் பேசுங்கள். அங்ஙனம் பேசுவோரின் சொல்லுக்கே அவையில் எடையுண்டு.

இங்குள்ள நமக்கும் இது பயன்படாமற் போகாது. சங்கங்களின் கல்வி நிதி நூறு மாணவர்க்குப் புத்தக விலைக்கும் போதாத சிறு தொகையாகப் பிரிந்து செல்வதுண்டு. சில மாணவரைப் பட்டம் பெறுமளவும் தாங்கும் தொகையாகத் திரண்டு செல்வதும் உண்டு. எது நன்று? விடையை இன்றே கூறப்புகவில்லை. நமது நிர்வாக சபையார் அடுத்த வருஷத்து நிதியைப் பங்கிடுமுன், அளவுகோலை எழுதி இச்சஞ்சிகையிலேயே வெளியிட்டு, அங்கத்தினரின் கருத்தைக் கேட்பாராயின், பெற்றவரும் பெறாதவரும் ஒருங்கே சங்கத்தை நம்புவர். அந்நம்பிக்கையே எந்நிதியினும் பெரிய நிதி.