வான்வழித் தூரமும் வாசற்படி நேரமும்

பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு, வீட்டிலிருந்து அகாலத்தில் தொலைபேசி மணி ஒலித்தால் நெஞ்சம் பதைபதைக்கிறது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்ற சொற்களைக் கேட்டதும், "விமானத்தில் எவ்வளவு நேரம்?" என்றுதான் முதலில் வினவுகிறோம். அந்த வினாவைச் சற்றே ஆராய்வோம்.

வடமாலபேட்டையை எடுத்துக்கொள்வோம். திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் பெருஞ்சாலையில் உள்ள ஊர் இது. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையம் இவ்வூருக்கு அண்மையிலேயே இருக்கிறது. நம்மில் ஒருவர் செகந்திராபாத்தில் வசிக்கிறார், அவருடைய தாயார் வடமாலபேட்டையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஐதராபாத்தின் சம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு நேர்கோட்டில் சுமார் 417 கிலோமீட்டர். விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் இது சுமார் 225. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டராகும், இதை அறியாதோர் இவ்விரு எண்களையும் கண்டு மயங்குவதுண்டு. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 50 நிமிடம் போதும். ஆயினும் கால அட்டவணையில் ஒரு மணிக்கு மேலாகவே குறிப்பிடுகிறார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லவும், உயரே ஏறவும், காற்றின் திசைக்கேற்பச் சுற்றிவந்து இறங்கவும் நேரம் வேண்டுமல்லவா?

இனி வாசற்படிக் கணக்கைப் பார்ப்போம். வீட்டிலிருந்து சம்ஷாபாத்துக்கு ஒன்றரை மணி. பெட்டிகளை ஒப்படைக்கவும் சோதனைக்கும் ஒன்றரை மணி. விமானத்தில் ஒன்றேகால் மணி. பெட்டிகளைப் பெற்று வெளியே வர அரை மணி. வடமாலபேட்டைக்குக் காரில் அரை மணி. ஆக மொத்தம் ஐந்தேகால் மணி!

2023 ஏப்ரல் 8இல் தொடங்கப்பட்ட செகந்திராபாத்–திருப்பதி வந்தே பாரத் ரயில், சுமார் 660 கிலோமீட்டரை எட்டரை மணியில் கடக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. நிலையத்துக்குப் போவதையும் அங்கிருந்து ஊருக்கு வருவதையும் சேர்த்தால் பத்து மணி ஆகலாம். ஆகவே விமானத்தால் மிச்சமாவது ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவே. அதுவும் விமானம் உடனே கிடைத்தால்தான்.

செய்தி மாலையில் வந்து, அன்றைய கடைசி விமானமும் போய்விட்டதென்றால் என்ன செய்வது? மறுநாள் நண்பகல் விமானத்துக்குக் காத்திருப்பவர் பிற்பகலில்தான் தாயின் முகத்தைக் காண்பார். இரவு ரயிலில் ஏறியவரோ காலையிலேயே கட்டிலருகே நிற்பார்.

பம்பாயிலோ தில்லியிலோ வாழ்வோர் சென்னை வழியையும் எண்ணிப் பார்க்கலாம். மீனம்பாக்கத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் வான்வழியில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். திருப்பதி விமானத்துக்காக வழியில் நெடுநேரம் தங்குவதைவிட, சென்னையில் இறங்கிச் சாலை வழியே மூன்று மணியளவில் வடமாலபேட்டை சேர்வது பல வேளைகளில் விரைவாக முடியும்.

ஆதலால் நேயர்களே, "எவ்வளவு தூரம்?" என்று கேட்பதை விடுத்து, "எத்தனை மணிக்கு வாசற்படியில் கால் வைப்போம்?" என்று கேட்போம். நம் ஊருக்குரிய விமானம், இரவு ரயில், சாலை வழி ஆகிய மூன்றின் நேரங்களையும் இன்றே ஒரு தாளில் எழுதி வைப்போம். மனம் கலங்கிய வேளையில் கணக்குப் போடுவது கடினம். அங்கே காத்திருக்கும் கண்களுக்கோ ஒவ்வொரு நாழிகையும் ஒரு யுகம்.