தேள் கொட்டிய ஊரிலேயே ஆராய்ச்சி



மகாராட்டிரத்தின் கொங்கண் பகுதியில் செந்தேள் கொட்டி, நுரையீரலில் நீர் கோத்துக் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்கிற கிராமத்து மருத்துவர் ஒவ்வொரு நோயாளியையும் பக்கத்திலிருந்து கவனித்துக் குறிப்பெடுத்தார். ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரை உயிர் காப்பதைக் கண்டார். 1986இல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது.

கைதட்டிவிட்டுப் போய்விடலாமா? ஒருவரின் பிடிவாதத்தை நம்பி ஆராய்ச்சி நடக்கக் கூடாது.

வழிகாட்டி வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், புள்ளியியல் தெரிந்தவர் வேண்டும். மயிலாப்பூரிலோ அடையாறிலோ மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவருக்கு இவர்களில் ஒருவர் அப்பாவின் நண்பராக இருப்பார். தாலுகா மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு யார் இருக்கிறார்கள்? அறிமுகமும் ஒரு சொத்துதான். அதுவும் சாதிவழியாகவே கைமாறுகிறது.

முதுநிலைப் படிப்பில் அரசு மருத்துவர்களுக்கான 50 விழுக்காடு ஒதுக்கீடு பறிபோனபோது போராடினோம். அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டென்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அது படிப்புக்கான கதவு. ஆராய்ச்சிக்கான கதவையும் திறக்க வேண்டும்.

சென்னையின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ச்சி அடிப்படைகளை இணையவழியில் கற்பிக்கிறது. நல்லது. ஆனால் பாடத்தோடு நேரமும் துணையும் வேண்டும். வாரத்தில் ஒருநாள் ஆராய்ச்சிப் பணிநேரமாகட்டும். மாவட்டந்தோறும் நெறிமுறைக் குழு அமையட்டும். தி.நகர் அரங்குகளில் நடக்கும் கருத்தரங்குகள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வரட்டும்.

ரத்தமாதிரி சேரியிலிருந்து, தரவு கிராமத்து மருத்துவரிடமிருந்து, கட்டுரையில் பெயர் மட்டும் வேறொருவருடையதா? நன்றிக்குறிப்பு போதாது தோழர்களே, ஆசிரியர் பட்டியலில் இடம் கேட்போம்.

ஜெய்பீம்.