1400 எங்கே இருந்து வந்தது?

இன்னைக்கு எண்ணெய்க் கிணறு.

கிணறு தோண்டும்போது உள்ளே கனமான ஒரு சேற்றுக் கலவை சுத்திக்கிட்டே இருக்கும். தொழில்ல அதை 'மட்'னு சொல்வாங்க. பாறைக்குள்ள இருக்கிற எண்ணெயையும் வாயுவையும் அழுத்திப் பிடிச்சிருப்பது அதோட எடைதான். அந்த அழுத்தம் குறைஞ்சா வாயு கிணத்துக்குள்ள நுழைஞ்சிடும். இதுக்குப் பேரு 'கிக்'.

பேருதான் கிக். ஆரம்பத்துல ஒரு சத்தமும் இருக்காது. ஒரு கணக்கு போடுவோம். 3000 மீட்டர் ஆழம், உள்ளே வெறும் தண்ணீர்னு வெச்சுக்கலாம். அடியில அழுத்தம் வெளிக்காற்றைப் போல சுமார் 300 மடங்கு. அங்கே ஒரு குடம் வாயு நுழையுது. பாதி தூரம் ஏறினதும் எவ்வளவு ஆகும்? வெறும் 2 குடம். இன்னும் 100 மீட்டர்தான் பாக்கிங்கிறப்ப சுமார் 27. மேலே வந்தா 300! ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணோமே, அதே பாயில் விதி. (வெப்பநிலையை நான் கணக்குல எடுக்கல, கமெண்ட்ல அடிக்க வராதீங்க.) விரியுற வாயு மட்டை வெளியே தள்ளும், எடை இன்னும் குறையும், இன்னும் வாயு வரும். அதனால கிக்கை அடியில இருக்கும்போதே பிடிக்கணும்.

2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா, டீப்வாட்டர் ஹொரைசன். கிணறு தோண்டி, அடியில சிமெண்ட் போட்டு அடைச்சாச்சு. அடைப்பு தாங்குதான்னு பார்க்க ஒரு டெஸ்ட்: வேணும்னே உள் அழுத்தத்தைக் குறைச்சு, ஏதாவது உள்ளே வருதான்னு கவனிக்கணும். டிரில் பைப்ல பூஜ்யம் காட்டணும். காட்டினது 1400 பிஎஸ்ஐ. அதே கிணத்தோட இணைஞ்ச கில் லைன்ங்கிற இன்னொரு குழாய்ல பூஜ்யம்.

ரெண்டுல எதை நம்புறது? 1400-க்கு 'பிளாடர் எஃபெக்ட்'னு ரிக்ல ஒரு விளக்கம் கிடைச்சது. பின்னாடி விசாரிச்சவங்க அதை ஏத்துக்கவே இல்லை. ஆனா அன்னைக்கு டெஸ்ட் பாஸ். ஃபெயிலான டெஸ்டை 'ஃப்ளேக்கி'னு ஒதுக்கிட்டு நானும் கோடை மெர்ஜ் பண்ணியிருக்கேன். அதனால அவங்களை முட்டாள்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அப்புறம் மட்டை எடுத்துட்டு, அதைவிட லேசான கடல் தண்ணியை உள்ளே விட்டாங்க. ராத்திரி 9:08-க்கு பம்பை நிறுத்தினாங்க. பம்பு நின்னா அழுத்தம் ஏறக் கூடாது. ஆறே நிமிஷத்துல கிட்டத்தட்ட 250 பிஎஸ்ஐ ஏறுச்சு. 9:49 வாக்குல வெடிச்சது. 11 பேர் இறந்தாங்க. எண்ணெய் கடல்ல கலக்கிறது நிக்க 87 நாள் ஆச்சு.

ரிக் மூழ்கிடுச்சு. அந்த 250 பிஎஸ்ஐ நமக்கு எப்படித் தெரியும்னா, அந்த எண்கள் எல்லாம் அப்பவே நேரலையா கரைக்கும் போய்க்கிட்டு இருந்தது.