குளத்துக்கும் சேர்த்து விலையா?

பீங்கான் ஜாடி வாங்க விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். விரலால் சுண்டுவார்கள். விரிசல் இருந்தால் ஓசையே சொல்லிவிடும். நிலத்தையும் அப்படிச் சுண்டிப் பார்க்க ஓர் ஏடு உண்டு. அதுதான் 'அ' பதிவேடு.

மேட்டில் முந்திரி, நிலக்கடலை. மணிமுத்தாற்றுப் பக்கம் நெல். இப்படி ஒரு பெரிய பண்ணை விலைக்கு வருகிறது. "நடுவுல குளம், ஓரத்துல ஓடை. எல்லாம் சேர்த்துத்தாங்க" என்பார் தரகர். எல்லாம் சேர்த்தா? அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். சர்வே எண்ணைச் சொல்லி 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று அதில் இருக்கும். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் அது அரசு நிலம். வேலி போட்டிருந்தாலும் அரசு நிலம்தான். நெல் விளைந்து நின்றாலும் அரசு நிலம்தான். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சொந்தப் பட்டாவில் வெட்டிய பண்ணைக்குட்டை வேறு. அது நிலத்தோடு உங்களுக்கு வரும்.

"வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேனே" என்பார்கள் சிலர். வில்லங்கச் சான்று, பதிவான கொடுக்கல் வாங்கலைத்தான் சொல்லும். குளம் யாருடையது என்று சொல்லாது. அதற்கு 'அ' பதிவேடுதான்.

இன்னொன்று. கோடையில் பார்த்தால் எல்லா நிலமும் மேட்டு நிலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நடை போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். குளம் போக மீதி எவ்வளவோ, அதற்கு மட்டும் விலை பேசுங்கள்.