மதிப்பெண் இல்லாத பள்ளம்

(தவக்காலம் முதல் வாரம், வெள்ளிக்கிழமை வானொலி மறையுரை. நற்செய்தி வாசகம்: மத்தேயு 5:20-26)



எங்கள் வடக்கனந்தல் பக்கம் விடியற்காலை ஐந்து மணிக்குக் கோமுகி அணைக்குப் போகும் சாலையில் நின்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். மறுபக்கம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். சிலர் காவல்துறைத் தேர்வுக்கு, சிலர் ராணுவத்துக்கு. பல வீடுகளில் அப்பா அம்மா பட்ட கடனையும் அக்காவின் திருமணத்தையும் அந்தக் கால்கள்தான் சுமந்துகொண்டு ஓடுகின்றன.

போன ஆண்டு அவர்களில் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். "ஃபாதர், கோயில் பக்கத்துல இருக்கிற காலி இடத்துல ஒரு பள்ளம் வெட்டிக்கலாமா?" என்று கேட்டான். எதற்கு என்றேன். அப்போதுதான் எனக்குத் தெரியாத ஒரு விவரத்தைச் சொன்னான்.

ராணுவத்தில் அக்னிவீரராகச் சேர 2023 முதல் முதலில் கணினியில் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு உடற்தகுதித் தேர்வு. 1.6 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். கம்பியைப் பிடித்துத் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்படி பத்து முறை உடம்பைத் தூக்கினால் 40 மதிப்பெண். ஆக மொத்தம் நூறு. அதோடு முடிந்ததா? இல்லை. 9 அடி அகலப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். வளைந்து வளைந்து போகும் குறுகலான கட்டைமேல் கீழே விழாமல் நடக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் மதிப்பெண்ணே கிடையாது. ஆனால் இவற்றில் தேறியாக வேண்டும். தேறாவிட்டால் வாங்கிய நூறும் வீண்.

"ஓட்டத்துல முதல் கூட்டத்துலயே வந்தேன், ஃபாதர். பத்து புல்-அப்ஸும் எடுத்தேன். கட்டையில கால் சறுக்கிடுச்சு. நூத்துக்கு நூறு வாங்கியும் வெளிய அனுப்பிட்டாங்க" என்றான். சொல்லும்போது அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அதுக்குப் பயிற்சி எடுக்கலையாப்பா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் இன்றுவரை என்னை விடவில்லை. "அதுக்குதான் மார்க் இல்லையே ஃபாதர்னு விட்டுட்டேன்."

அன்பார்ந்தவர்களே, இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு இதைத்தான் பேசுகிறார். பீடத்தில் காணிக்கை செலுத்த வந்து நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் சமாதானம் செய்துகொள் என்கிறார். இதை அவர் கலிலேயாவில் இருந்த மக்களிடம் சொன்னார். காணிக்கைப் பீடமோ எருசலேமில் இருந்தது. மூன்று நான்கு நாள் நடை. அவ்வளவு தூரம் நடந்து வந்து பீடத்தருகே நிற்கிறவனைத் திரும்பி ஊருக்குப் போ என்று சொன்னால் கேட்டவர்கள் திகைத்திருப்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். உனக்கு அவன்மேல் வருத்தம் இருந்தால் என்று ஆண்டவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் வருத்தம் இருந்தால் என்கிறார். நியாயம் யார் பக்கம் என்ற கணக்கையே அவர் எடுக்கவில்லை.

நம் பக்தி வாழ்விலும் மதிப்பெண் உள்ளவை உண்டு. தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறோம். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செய்கிறோம். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம். கொடியேற்றத்துக்கு நன்கொடை தருகிறோம். இவை எல்லாம் நல்லவை, தேவையானவை. பிறர் பார்க்கிறார்கள், பாராட்டுகிறார்கள். ஆனால் படுத்த படுக்கையான மாமியாருக்கு முகம் சுளிக்காமல் துணி மாற்றுவதற்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள்? வாய்வரை வந்த பதிலை விழுங்குவதற்கு யார் கைதட்டுகிறார்கள்? பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பி வீட்டு வாசலில் முதலில் போய் நிற்பதற்கு எந்த அன்பியத்தில் பொன்னாடை போர்த்துகிறார்கள்? மதிப்பெண் இல்லை என்பதால் அந்தப் பக்கம் நாம் பயிற்சியே எடுப்பதில்லை.

பவுலடியார் கொரிந்து நகரில் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார். அந்நகருக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். வென்றவருக்குக் கிடைப்பது இலைகளால் பின்னிய ஒரு முடி. சில நாளில் வாடிவிடும். அதற்காக எவ்வளவு கட்டுப்பாடாகப் பயிற்சி செய்கிறார்கள் என்று அம்மக்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் நினைவுபடுத்துகிறார். கடைசியில் தன்னைப் பற்றி ஓர் அச்சத்தையும் சொல்கிறார். மற்றவர்களுக்குப் போதித்துவிட்டு, தானே தகுதியற்றவனாகிவிடக் கூடாதே என்கிறார். அங்கே அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'அடோக்கிமோஸ்'. உரைத்துப் பார்த்துச் செல்லாது என்று ஒதுக்கப்பட்ட உலோகத்துக்கும் நாணயத்துக்கும் சொல்லும் சொல் அது. குருமடத்தில் இந்தச் சொல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் எனக்கு உறைத்தது அந்தத் தம்பி பேசிய அன்றுதான்.

ஏனென்றால், அப்பா இறந்தபின் அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்ற பேச்சில் எனக்கும் என் அண்ணனுக்கும் வார்த்தை முற்றியது. அண்ணனும் அண்ணியும்தான் அம்மாவைப் பார்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து நியாயம் பேசியது நான். அம்மாவின் அடக்கத்திருப்பலியைக்கூட நானே நிறைவேற்றினேன். அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஆறு ஆண்டுகளில் நான் திருப்பலி வைக்காத நாள் மிகக் குறைவு. மன்னிப்பைப் பற்றி எத்தனை மறையுரை ஆற்றியிருப்பேன்!

தம்பி பள்ளம் வெட்டினான். பழைய ஓட்டுக் கூரையிலிருந்து எடுத்த கட்டைகளைக் கொடுத்தேன். அவற்றை வளைவு வளைவாக அடித்துக்கொண்டான். அவன் பயிற்சியைத் தினமும் பார்த்ததில் மூன்று பாடம் கற்றேன். பள்ளத்தில் விழுகிறவன் காலில் பலம் இல்லாமல் விழுவதில்லை. கடைசி இரண்டு எட்டில் தயங்கி, பள்ளத்தைப் பார்ப்பதால் விழுகிறான். பார்வை அக்கரையில் இருக்க வேண்டும். கட்டைமேல் நடக்கிறவன் அவசரப்படக் கூடாது. மூன்றாவது, ஓடிக் களைத்து, கால் நடுங்கும்போதுதான் அந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டும். தேர்வு அப்படித்தான் வரும்.

வீட்டிலும் அப்படித்தானே? மனம் அமைதியாக இருக்கும்போது பொறுமையாக இருப்பது பெரிதல்ல. வேலை முடிந்து களைத்து வரும் மாலை ஏழு மணிக்கு, பிள்ளை கேட்டதையே திரும்பக் கேட்கும்போது, அங்கேதான் கட்டை தொடங்குகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடவுள் ஆள் எடுக்க வந்த அதிகாரி அல்ல. ஒருமுறை சறுக்கினவரை அவர் வெளியே அனுப்புவதில்லை. தீயவர் அழிய வேண்டும் என்பது என் விருப்பமா, அவர் மனம் திரும்பி வாழ வேண்டும் என்பதல்லவா என்று எசேக்கியேல் வழியாக அவர் கேட்பதை இன்றைய முதல் வாசகத்தில் கேட்டோம். அதேபோல், அடிபடுகிற பெண்ணிடம் மறுபடி போய் அடிவாங்கு என்றும் ஆண்டவர் சொல்லவில்லை. சமாதானம் என்பது அநியாயத்துக்குத் தலை கொடுப்பது அல்ல. இங்கே நான் பேசுவது, நம் வீம்பு வெட்டி வைத்த பள்ளங்களைப் பற்றி.

ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்ததும் அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. மறுநாள் அண்ணி எடுத்தார்கள். "வயலுக்குப் போயிருக்காங்க, வந்ததும் சொல்றேன்" என்றார்கள். அழைப்பு வரவில்லை. அடுத்த வாரம் பேருந்து ஏறி ஊருக்குப் போனேன். அண்ணன் திண்ணையில் இருந்தார். "தப்பு என்மேலதாண்ணே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி கொண்டுவந்த காபியை வாங்கி என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். இன்னும் அவர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மாதம் ஒருமுறை போய்வருகிறேன். பள்ளத்தைத் தாண்டிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஓடத் தொடங்கியிருக்கிறேன்.

அந்தத் தம்பியும் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறான். அவனுக்காகவும், சாலையில் ஓடும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் செபியுங்கள்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒருசந்தியோடும் சிலுவைப்பாதையோடும், உங்களுக்குத் தெரிந்த அந்த ஒரு பள்ளத்தையும் இந்தத் தவக்காலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் உங்களுக்கே தெரியும். இந்த வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு நடை, ஒரு வார்த்தை. பார்வை மட்டும் அக்கரையில் இருக்கட்டும். அங்கே நமக்கு முன்பே தாண்டிப் போன ஆண்டவர் இயேசு நிற்கிறார்.

மன்றாடுவோமாக. ஆண்டவரே, யாரும் பார்க்காத இடத்திலும் உமது பிள்ளைகளாக நடக்க எங்கள் கால்களுக்கு உறுதி தாரும். சறுக்கினால் எங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும். ஆமென்.