கண்டத்துக்கு ஓர் இனமா?

நடுவர் அவர்களே, இனவெறியைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுவது ஏட்டுப் படிப்பா, இனம் கடந்த திருமணமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரணிப் பேராசிரியர் ஒரு நூலகத்தையே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் ஒரே ஒரு கல்யாணப் பத்திரத்தோடு வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம். ரிச்சர்ட் லவிங் ஒரு கொத்தனார், வெள்ளையர். மில்ட்ரெட் ஜீட்டர் கறுப்பினமும் பழங்குடியும் கலந்த குடும்பத்துப் பெண். சொந்த மாநிலத்தில் சட்டம் இடம் தராததால் 1958 ஜூனில் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய் மணம் முடித்துத் திரும்பினார்கள். அடுத்த மாதமே, ஊர் உறங்கும் நேரத்தில் ஷெரிஃப் அவர்கள் படுக்கையறைக்குள் நிற்கிறார். சுவரில் மாட்டியிருந்த மணச் சான்றிதழைக் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்றார். ஓராண்டுச் சிறை, 25 ஆண்டுகள் மாநிலத்தை விட்டு வெளியேறினால் தண்டனை நிறுத்திவைப்பு!

தண்டனை விதித்த நீதிபதி பசில் பின்னால் அதற்கு ஒரு காரணமும் எழுதினார். கடவுள் ஒவ்வோர் இனத்தையும் ஒவ்வொரு கண்டத்தில் வைத்தாராம். கலக்கக் கூடாது என்பதற்காகத்தானாம். ஐயா, அப்படியானால் ஐரோப்பாவில் வைக்கப்பட்ட உங்கள் முன்னோர் வர்ஜீனியாவில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இனவெறி என்றால் வெறுப்பு என்று பேராசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். வர்ஜீனியாவில் இந்த மணத்தைத் தடுத்த 1924ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். கறுப்பர் பழங்குடியினரை மணக்கலாம், கேட்பாரில்லை. மணமேடையில் வெள்ளையர் ஒருவர் இருந்தால்தான் குற்றம். இனத்தூய்மைதான் கவலை என்றால் எல்லா இனத்துக்கும் அல்லவா வேலி போட்டிருக்க வேண்டும்? 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தடையைத் தூக்கியெறிந்தபோது இந்த ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டியது: இது வெள்ளையர் மேலாண்மையைக் காக்கும் ஏற்பாடு.

இன்னொரு வேடிக்கை. ஒரு சொட்டுக் கலப்பும் ஆகாது என்ற அதே சட்டம், பதினாறில் ஒரு பங்குவரை பழங்குடி ரத்தம் இருந்தால் பரவாயில்லை என்றது. காரணம், 1614இல் ஆங்கிலேயர் ஜான் ரோல்ஃபை மணந்த பழங்குடிப் பெண் பொக்கஹான்டஸின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசிய பெரிய குடும்பங்கள். கறாராக எழுதினால் அவர்களே வெள்ளையர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்களே!

கலிபோர்னியாவுக்கு வாருங்கள். வயலில் உழைக்கப் போன நம் பஞ்சாபிகள் பலர் மெக்சிகோப் பெண்களை மணந்தார்கள். அங்கேயும் தடைச் சட்டம் உண்டு, 1948வரை. ஆனால் பதிவு எழுத்தர் இருவர் முகத்தையும் பார்த்து, நிறம் ஒத்துப்போவதாகத் தோன்றினால் அனுமதி எழுதிக் கொடுத்துவிடுவார். இனம் என்பது ரத்தத்தில் இல்லை, அந்த எழுத்தரின் பேனாவில் இருந்தது. கல்யாணத்துக்கு இருவர் வந்து நிற்காவிட்டால் அந்தப் பேனாவை யார் பார்த்திருப்பார்கள்?

உறவு இருந்தால் மட்டும் புத்தி வந்துவிடுமா என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி. இனப் பிரிவினைக்காக 1957இல் செனட்டில் ஒரு நாள் முழுக்க நின்று பேசினாரே ஸ்ட்ராம் தர்மண்ட், அவருக்குத் தன் பெற்றோர் வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்ணிடம் ஒரு மகள். தர்மண்ட் இறந்த பிறகு, 2003இல்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆனால் அது மறைத்த உறவு! மறைவை அந்தச் சமூகம் பொறுத்துக்கொண்டது. பெயரும் சொத்தும் சபையில் இடமும் கேட்கிற உறவைத்தான் பொறுக்கவில்லை. நான் பேசுவது பதிவேட்டில் கையெழுத்துப் போடும் உறவைப் பற்றி.

தீர்ப்பு வந்துவிட்டது, படித்தால் போதும் என்கிறார்கள். 1967க்குப் பிறகும் அலபாமாவின் அரசமைப்பில் செத்த எழுத்தாக அந்தத் தடை கிடந்தது. அதை நீக்கலாமா என்று 2000இல் மக்களிடமே கேட்டார்கள். நீக்கத்தான் முடிவாயிற்று, ஆனால் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் போல, கூடாது என்று குத்தினார்கள். அதற்குள் 33 ஆண்டுகளாகத் தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் இருந்தது, நடுவர் அவர்களே! அந்த நாற்பது பேருக்குப் பேராசிரியர் எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.