இறைச்சி விலையும் வாழ்க்கைச் செலவும்



வாழ்க்கைச் செலவு என்னும் பெரும்பாரத்தை இறைச்சிக் கடைத் தராசில் வைத்து நிறுக்கலாமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். வன்னி மண்ணிலே நெடுங்காலம் ஆசிரியத் தொழில் பார்த்து வருபவன் நான். பருப்பும் சீனியும் எங்களுக்கு வெளியிலிருந்து வருவன. மாடோ எங்கள் மண்ணிலேயே வளர்வது. அதனாலேயே அதன் விலையில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

1952 ஆம் ஆண்டை அடியாண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், 1949-50 இல் கொழும்பு நகரில் வாழ்ந்த 455 தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கின்மீது எழுந்தது. அக்குடும்பங்கள் உண்டதும் உடுத்ததுமே பல பத்தாண்டுகள் நாடு முழுவதற்கும் அளவுகோலாய் நின்றன. எல்லா மாகாணங்களையும் அடக்கிய தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2015 இலேதான் வெளிவரத் தொடங்கிற்று. 2022 செப்டெம்பரில், ஓராண்டில் ஏறிய விலையேற்றத்தைக் கொழும்புச் சுட்டெண் 69.8 வீதம் என்றது. தேசியச் சுட்டெண் 73.7 வீதம் என்றது.

இவ்விரண்டையும் வகுப்பிலே கரும்பலகையில் எழுதியபோது ஒரு மாணவி எழுந்து, "சேர், இதில் எங்கள் ஊர் எங்கே இருக்கிறது?" என்று வினவினாள். விடை கூற என்னால் இயலவில்லை. மறுவாரமே ஒரு கொப்பியில் அரிசி, தேங்காய், மண்ணெண்ணெய், மாட்டிறைச்சி ஆகியவற்றின் விலைகளைக் குறிக்கத் தொடங்கினோம்.

மற்றவை எளிதாக நடந்தன. இறைச்சிதான் எங்களைப் படாதபாடு படுத்திற்று. முதல் வாரம் ஒரு பிள்ளை எலும்பு கலந்த இறைச்சியின் விலையை எழுதினான். அடுத்த வாரம் வேறொருத்தி தனி இறைச்சியின் விலையை எழுதினாள். கொப்பியைப் பார்த்தால் ஊரிலே பெரும் விலையேற்றம்! கடையிலோ ஒரு ரூபாயும் ஏறவில்லை. அன்று முதல் ஒரே கடை, ஒரே கிழமை, தனி இறைச்சி ஒரு கிலோ என விதித்தோம். போயா தினத்தில் கடை பூட்டியிருக்குமாதலால், அந்நாள் வந்தால் மறுநாள் விலை. இன்னொன்றையும் கண்டோம். இறைச்சிக் கடையைப் பிரதேச சபை ஆண்டுதோறும் கேள்விக்கு விடுகிறது. குத்தகை உயர்ந்தால், மாட்டின் விலை அசையாதிருக்கவும் இறைச்சி விலை ஏறக்கூடும்.

எங்கள் ஊர்களில் மாட்டிறைச்சியைக் கையாலும் தொடாத சைவக் குடும்பங்கள் பல. அவர்களுடைய அடுப்பங்கரைக்கு இவ்விலையால் நட்டமுமில்லை, இலாபமுமில்லை. ஆயினும் அவர்களிற் சிலர் பட்டி வைத்திருப்பவர்கள். பிள்ளையின் படிப்புக்கோ வயல் விதைப்புக்கோ பணம் முட்டுப்பட்டால், பட்டியிலிருந்து ஒன்றை அவிழ்த்து வியாபாரியிடம் கொடுப்பார்கள். அது எங்கே போகிறது என்று கேட்கமாட்டார்கள். ஒரு வீட்டின் செலவாயிருக்கும் விலை, அடுத்த வீட்டின் வரவாயிருக்கிறது.

ஆகவே இறைச்சி மலிந்துவிட்டால் மகிழ்வதா? வரட்சியில் குளம் வற்றிப் புல் கருகும்போது, மெலிந்த மாட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவோர் பலர். அந்த மலிவு பஞ்சத்தின் அறிகுறி. பொருளாதாரத் தடை நிலவிய 1990களை என் வயதினர் மறக்கமாட்டார்கள். மாடு வெளியே போவது அரிது. மண்ணெண்ணெய் உள்ளே வருவது அதனினும் அரிது. அந்நாளில் இறைச்சி விலையை மட்டும் பார்த்து வன்னியில் வாழ்வு மலிவென்று எவரேனும் எழுதியிருந்தால், குப்பி விளக்கில் ஒரு துளி எண்ணெய்க்கு ஏங்கியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? பின்னர் 2009 இல் பட்டிகளையே கைவிட்டு வெளியேறினோம். மீளக் குடியேறியவர்களுக்கு மாடு வாங்குவதே பெருஞ்செலவாயிற்று.

இப்போது எங்கள் கொப்பியில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. ஒருநாட் கூலி அது. அக்கூலிக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை போத்தல் மண்ணெண்ணெய், எத்தனை கிராம் இறைச்சி வாங்கலாம் என்று பிள்ளைகள் வகுத்துப் பார்க்கிறார்கள். கடைக்காரர் விலையைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். கூலியை எவரும் எழுதி வைப்பதில்லை. அதனைப் பிள்ளைகள் தத்தம் வீட்டிலே தாய் தந்தையரிடம் கேட்டு எழுதி வருகின்றனர். வேலை கிடையாத நாட்களுக்கு எதிரே என்ன எழுதுவதென்று சென்ற வாரம் ஒரு பையன் கேட்டான். சுழி இடும்படி சொன்னேன்.